பொன்னி உறுமியபோது

என் வீட்டு மூத்த நாயின் குரலை அடக்கியவன் நான். அவள் பெயர் பொன்னி. துள்ளித் திரியும் இளம் நாய் ஒன்றைக் கொண்டுவந்து அவளோடு விட்டேன். அது கொடுத்த தொல்லையை எல்லாம் அவள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பொறுக்கமாட்டாமல் அவள் உறுமியபோது அவளையே அதட்டினேன். கொஞ்ச காலத்தில் உறுமுவதை நிறுத்திவிட்டாள். "ரெண்டும் நல்லாப் பழகிருச்சு" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். நாய் வளர்ப்பில் அனுபவம் இல்லாதவன் செய்த பிழை என்று இதை யாரும் மன்னித்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பொன்னி பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பிறந்தவள். பிடித்துப்போய்க் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டதற்கு அடையாளமாக இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. 2001-இல் வந்த மத்திய அரசின் விதிகள் தெரு நாய்களுக்கு வகுத்த முறை அது. ஓர் ஐப்பசி மழைக்கு எங்கள் வராந்தாவில் ஒதுங்கினாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. இருந்துவிட்டாள். அவளுடைய சோற்றுத் தட்டில் காக்கை வந்து கொத்தினால்கூட எழுந்து தள்ளி நிற்பாள். அது போன பிறகு மிச்சத்தைத் தின்பாள். சாயங்காலம் ஆனால் வாசல் மேல்படியில் படுத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். அந்தப் படி அவளுடையது. பால் ஊற்ற வருகிறவர்கூட அவளைத் தாண்டாமல் பக்கவாட்டில் சுற்றித்தான் வருவார்.

எனக்கு ஒரு சிப்பிப்பாறை வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படம் பார்த்த பிறகு அந்த ஆசை பிடிவாதமாகிவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் தெரிந்த ஒரு விவசாயியின் வீட்டில் ஒரு தாய் குட்டி போட்டிருந்தது. வளர்ந்து நின்ற தகப்பன் நாயை அங்கே பார்த்தேன். ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நெடுங்கால்கள். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சுமக்கும் இந்த இனம் முயல் விரட்டவென்றே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்புகிற நாய். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், அடுத்த நொடி அது அங்கே இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம். ஆனால் நாயின் உடம்புக்கு அந்தச் சட்டம் தெரியாது. கரிசல் காட்டு வெளியில் ஓடுவதற்கான கால்களை நான் ஒரு வராந்தாவுக்கும் கொல்லைக்கும் நடுவே கொண்டுவந்து விட்டேன். அந்த விவசாயி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஓட விட எடம் இருக்கா சார்?" இருக்கிறது என்றேன். அது முதல் பொய்.

கொண்டுவந்த குட்டிக்கு மகன் ராக்கி என்று பெயர் வைத்தான்.

முதல் சில வாரங்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் போயின. பெரிய நாய்கள் பால்குடி மறந்த குட்டிகளிடம் ஒரு சலுகை காட்டும். வாலைக் கடித்தாலும் மேலே ஏறி விழுந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பொன்னியும் இருந்தாள். குட்டி நான்கைந்து மாதத்தைத் தாண்டியதும் அந்தச் சலுகை குறையத் தொடங்கும். அப்போதுதான் மூத்த நாய் உதட்டைத் தூக்கிக் காட்டும், உறுமும், வேண்டுமானால் காற்றில் ஒரு கடி கடிக்கும். குட்டி நாயுலகத்தின் எல்லைகளைக் கற்றுக்கொள்வது இப்படித்தான். பொன்னி அந்தப் பாடத்தை நடத்த முயன்றாள். நான் குறுக்கே நின்றேன்.

ராக்கிக்கு ஏழெட்டு மாதம் ஆனபோது நிலைமை முற்றிலும் மாறியது. அந்த வயது எல்லா நாய்க்கும் சிக்கலானது. 2020-இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடைய குழுவினரும் வழிகாட்டி நாய்களாகப் பழக்கப்படும் குட்டிகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்தவை, எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் அவ்வளவாகக் கேட்கவில்லை. அதே சொல்லை வெளியாள் சொன்னால் கேட்டன. வீட்டில் விடலைப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. ராக்கி என் குரலையே காதில் வாங்காத காலம் அது. கொல்லைக் கோடியிலிருந்து பாய்ந்து வந்து, நெஞ்சால் பொன்னியின் விலாவில் மோதுவான். அவள் தடுமாறி எழுந்து நடந்தால் பின்னாலிருந்து கழுத்துத் தோலைக் கவ்வுவான். காதைப் பிடித்துத் தொங்குவான். அவள் ஓடினால் கதை முடிந்தது. ஓடுகிற உருவத்தைத் துரத்தும் வேகம் அவன் இரத்தத்தில் இருப்பது. தப்பிக்க ஓடுவதே அவளுக்கு வினையாக முடிந்தது. அதைக் கண்டுகொண்ட பொன்னி ஓடுவதை விட்டாள். ஒரு மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பி நின்றாள்.

அந்த நிலையில்தான் அவள் உறுமினாள். தொண்டைக்குள்ளிருந்து, தணிவாக.

நான் நாற்காலியில் இருந்தபடியே "பொன்னி!" என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். "நீ பெரியவதான? சின்னப் பய, விளையாடுதான். விட்டுக் குடு" என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் அவள்தான் மூத்தவள். "அதையேதான் எங்கம்மா எங்கிட்டயும் சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒருமுறையோடு நிற்கவில்லை. பொன்னி உறுமிய ஒவ்வொரு முறையும் அதட்டினேன். இரண்டொரு தடவை செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்தேன். ஒரு தடவை அது அவள்மேல் பட்டது. பட்டது என்று எழுதுவதும் நழுவல்தான். அடித்தேன்.

நாய்க்கு உறுமல் என்பது சண்டையைத் தவிர்ப்பதற்கான கருவி. அதற்கு முன்னால் எத்தனையோ சொல்லிவிட்டுத்தான் அங்கே வரும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், தரையை வெறுமனே மோந்துபார்க்கும், வாலைத் தாழ்த்தும், உடம்பை இறுக்கி அசையாமல் நிற்கும். நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் தூரித் ரூகோஸ் இவற்றை வரிசைப்படுத்தி ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். இத்தனையும் பலிக்காதபோதுதான் உறுமல். அதைத் தண்டித்தால் நாயின் மனசில் இருக்கும் அச்சமோ வலியோ குறைவதில்லை. எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. பிறகு நேராகக் கடிதான்.

இரண்டு நாய்கள் உள்ள வீட்டுக்காரர்களிடம் யோசனை கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "யாரு பெருசுன்னு அதுகளே முடிவு பண்ணிக்கிடும், நீங்க தலையிடாதீங்க." நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பேச்சின் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் போட்டதால் அவை இடத்துக்காக மோதின. டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக் காட்டில் ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்துவிட்டு, 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பம், தலைமை என்பது தாய் தகப்பன் என்பது என்றார். தன் நூலில் தானே எழுதியதைத் தானே மறுக்க அவருக்குத் துணிவு இருந்தது. எங்கள் வீட்டில் முடிவெடுக்க அந்த இரண்டு நாய்களுக்கும் எந்த வழியும் இருக்கவில்லை. கதவு என் கையில் இருந்தது. பொன்னி வெளியேற முடியாது, ராக்கி விலக மாட்டான். தலையிடாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் தலையிட்டேன், ராக்கியின் பக்கம் நின்று.

இப்போது அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொல்லையில் சுற்றிச் சுற்றி ஓடியதைக் கைப்பேசியில் எடுத்தேன். பொன்னி முன்னால், ராக்கி பின்னால். வெயில் நன்றாக விழுந்திருந்தது, பார்க்க அழகாக இருந்தது. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் அவள் மாட்டிக்கொண்டாள். பல்லைக் காட்டி ஒரு சத்தம் போட்டாள். அது உறுமல்கூட இல்லை, ஒருவகை அலறல். வீடியோவின் கடைசிச் சில நொடிகள் அது. அனுப்புவதற்கு முன் அந்த நொடிகளை வெட்டினேன். 'அக்காவும் தம்பியும்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். உறவுக்காரர்கள், அலுவலக நண்பர்கள் எல்லாரும் இதயம் போட்டார்கள்.

எனக்குத் தெரிந்தேதான் இருந்தது என்று முதலில் சொன்னேனே, அதற்குச் சான்று இந்த வீடியோதான். அந்தச் சத்தம் என்னவென்று புரியாதவன் அதை வெட்டியிருக்க மாட்டான்.

வெட்டிய பிரதியைப் பார்த்தாலும் விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விளையாடும் நாய்கள் இடம் மாற்றிக்கொள்ளும். துரத்தியது ஓடும், ஓடியது துரத்தும். பலசாலி வேண்டுமென்றே கீழே விழுந்து கொடுக்கும். நடுநடுவே நிற்கும், மூச்சு வாங்கும், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி வணங்குவதுபோல் காட்டிவிட்டு மறுபடி தொடங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நாய்களின் விளையாட்டைப் பல ஆண்டுகள் கூர்ந்து படித்த மார்க் பெக்காஃப், 1995-இல் எழுதிய கட்டுரையில் அந்த வணக்கத்தை வாக்கியத்தின் நிறுத்தற்குறியோடு ஒப்பிட்டார். பலமாகக் கடிப்பதற்கு முன்னும் பின்னும், 'இது விளையாட்டுதான்' என்று உறுதிசொல்ல நாய்கள் அதைப் போடுகின்றன. என் வீடியோவில் ஒரு வணக்கம்கூட இல்லை. பொன்னியின் வால் கடைசிவரை கால்களுக்கு இடையில் இருந்தது.

அவள் உறுமுவதை நிறுத்திய பிறகு வீட்டில் நடந்தவற்றை மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். படிக்கு வருவதில்லை. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறாள். ராத்திரி குளியலறை ஈரத் தரையில் போய்ப் படுக்கிறாள், அதன் கதவு மட்டும்தான் முழுக்கத் திறக்காது, ராக்கி அவ்வளவு சுலபமாக நுழைய மாட்டான். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வயசாகிறது. வெயில் காலம், குளிர்ச்சிக்குப் போகிறாள். "ஏங்க, ஒருநாள் பூரா அவளையே பாருங்களேன்" என்றாள். பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு மாலை ராக்கி வழக்கம்போல் மோதினான். பொன்னி ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பி அவன் காதைக் கடித்தாள். விடவில்லை. மகன் இடையில் கையைக் கொடுத்தான், பல் பட்டுக் கையில் கிழிந்தது. சோப்புப் போட்டுக் குழாயடியில் பதினைந்து நிமிடம் கழுவினோம். இரண்டு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தும் அரசு மருத்துவமனைக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டோம். அந்த நோயில் யோசித்துக்கொண்டிருக்க இடம் இல்லை. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பவர்கள் கிட்டத்தட்ட இல்லை.

அன்று இரவு நான் செய்ததை எழுதத்தான் கை தயங்குகிறது. நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "வயசான தெரு நாய் ஒண்ணு, கடிக்க ஆரம்பிச்சிருச்சு, எடுத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டேன். பொன்னியை. மழைக்கு ஒதுங்கிய நாள் முதல் யாரையும் ஒரு கீறல் கீறாதவளை. மறுமுனையில் இருந்தவர் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சரி என்று சொல்லியிருந்தால் கொண்டுபோய் விட்டிருப்பேன். இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுக்கு மொதல்ல வந்தது யாருங்க?" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ராக்கியின் காதுக்குக் கட்டுப்போடத்தான் கால்நடை மருத்துவரிடம் போனோம். மனைவி பிடிவாதமாகப் பொன்னியையும் ஏற்றிக்கொண்டாள். மருத்துவர் காதைப் பார்த்து முடித்துவிட்டு, பொன்னி வண்டியிலிருந்து இறங்கிய விதத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு அவளுடைய இடுப்பின்மேல் கையை வைத்து மெல்ல அழுத்தினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கினாள். சத்தமே இல்லை. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது தெரிந்தது. "இது வயசுல வர்றதுதான். ஆனா இந்த மூட்டோட தினமும் மோதல் வாங்கியிருந்தா எவ்வளவு வலிச்சிருக்கும்?" என்றார். அடுத்து, "வீட்ல எங்க படுக்கும்?" என்று கேட்டார்.

"வராந்தாவுல" என்றேன்.

"இல்ல டாக்டர், பாத்ரூம்ல" என்றான் மகன்.

மருத்துவர் என்னைப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கையில் கட்டோடு நின்ற பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகு அவனிடம் நான் எதையும் மறைத்துச் சொன்னதில்லை.

ஏன் அப்படி இருந்தேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். பதில் சிக்கலானதல்ல. வேலையிலிருந்து ஏழு மணிக்கு வருகிறேன். ஒரு சிப்பிப்பாறை இளசுக்குக் காலையும் மாலையும் ஓட்டமும் நடையும் வேண்டும். மூளைக்கு வேலை வேண்டும், பொறுமையான பழக்கம் வேண்டும். அதில் எதையும் நான் கொடுக்கவில்லை. அவன் சக்தியைச் செலவழிக்க ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தாள், கேள்வி கேட்க மாட்டாள். என் வேலையைப் பொன்னியின் உடம்பின்மேல் ஏற்றிவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாதுவாக இருந்தது அவள் குணம். அந்தக் குணத்தை என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன்.

ராக்கிக்கும் அநியாயம் செய்தேன். அவனை முரடன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவன் கெட்ட நாய் அல்ல. 'போதும்' என்று சொன்ன ஒரே ஆளின் வாயை நான் அடைத்துவிட்டதால் போதும் என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு செய்தவை எல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியவை. தச்சரை வரவழைத்து வராந்தாவுக்கும் கூடத்துக்கும் இடையில் இடுப்புயர அரைக் கதவு போட்டோம். ராக்கி சிரமமில்லாமல் தாண்டினான். மேலே இன்னும் இரண்டடி கம்பி வலை அடித்தோம். கூடம் பொன்னிக்கு. மொசைக் தரையில் அவள் பின்னங்கால் வழுக்காதபடி ரப்பர் பாய் விரித்தோம். சோறு தனித்தனி அறையில். ராக்கி தின்று முடித்துத் தட்டை எடுத்த பிறகுதான் கதவு திறக்கும். வலிக்கான மாத்திரை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். நாமே பாரசிட்டமாலோ இபுபுரூஃபெனோ கொடுத்துப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிரையே எடுக்கும்.

காலையில் விடிவதற்கு முன் ராக்கியை நீளக் கயிற்றில் கட்டி ஊருக்கு வெளியே வெறும் வயல்வெளிக்குக் கூட்டிப்போகிறேன். ஓடுவதைவிட மோந்து நடப்பதில்தான் அவன் அதிகம் களைக்கிறான் என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரு புதரை அவன் ஐந்து நிமிடம் மோந்தால் நானும் அங்கேயே ஐந்து நிமிடம் நிற்கிறேன். வீட்டில் பழைய சாக்கைச் சுருட்டி, மடிப்புகளுக்குள் காலை உணவைத் தூவி வைத்துவிடுவோம், அதைப் பிரித்துத் தேடித் தின்பதற்குள் அவனுக்கு அரைமணி போய்விடும். மதியம் கட்டாய ஓய்வு. இளம் நாய் ஆட்டம் போடுவதெல்லாம் சக்தி மிஞ்சித்தான் என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் தூக்கம் போதாமல்தான். அழுது அடம்பிடிக்கும் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல், இருட்டான அறையில் கொஞ்ச நேரம் விட்டால் சுருண்டு படுத்துவிடுவான்.

இருவரையும் சேர்த்து விடுவது ராக்கி களைத்திருக்கும் நேரத்தில் மட்டும். அவன் கழுத்துப்பட்டையில் குட்டையான கயிறு தொங்கும், நான் உட்கார மாட்டேன். அவன் பொன்னியைப் பார்த்துவிட்டுத் தானாகவே என் பக்கம் திரும்பினால் உடனே கையில் ஒரு துண்டு அவித்த கோழி. அவளை நெருங்க நெருங்க உடம்பு தாழ்ந்து, பார்வை குத்திட்டால், அது பாய்ச்சலுக்கு முந்தைய நிலை. அங்கேயே கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விடுவேன், திட்டாமல். விளையாட்டா தொல்லையா என்ற ஐயம் வந்தால் சோதனை எளிது. துரத்துகிறவனைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்றவளைக் கவனிக்க வேண்டும். அவள் திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் விளையாட்டு. விலகிப் போனால் அவளுக்கு அது வேண்டாம். இதற்குப் பயிற்சியாளரும் வேண்டாம், பணமும் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை எடுத்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம்.

பல மாதங்கள் பொன்னியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்ல மாட்டாள். நான் குரலை உயர்த்தி யாருடனாவது தொலைபேசியில் பேசினால்கூட எழுந்து குளியலறைக்குப் போய்விடுவாள். அவள் பயந்தது ராக்கிக்கு மட்டும் அல்ல என்று அப்போது புரிந்தது. செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தத்துக்கு அவள் காது மடங்குவதைப் பார்த்த பிறகு வீட்டில் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் ராக்கி அவளுடைய பாயின் ஓரத்தில் வந்து முன்காலை வைத்தான். பொன்னி உறுமினாள். பழைய குரல்தான், கொஞ்சம் கரகரத்திருந்தது. உறுமியவுடன் அவள் ராக்கியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், தலையைத் தாழ்த்திக்கொண்டு. "ராக்கி, இங்க வா" என்றேன். வந்தான். அவளுக்கு அருகில் நானும் போகவில்லை, பாராட்டவும் இல்லை. மனைவி வந்து தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வாரம் இன்னொரு முறை உறுமினாள், அப்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சாத்தூரிலிருந்து மைத்துனன் பேசினான். அவன் வீட்டில் வயதான பொமரேனியன் ஒன்று இருக்கிறது. கண் பார்வை மங்கிவிட்டது. அதோடு ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கி ஏழு மாதம் ஆகிறதாம். "அத்தான், ரெண்டும் சேரவே மாட்டேங்குது. உங்க வீட்ல எப்படிப் பழக்குனீங்க? நீங்க போட்ட அந்த வீடியோவப் பாத்துத்தான் நான் தைரியமா வாங்குனேன்" என்றான்.

வெட்டிய நொடிகளைப் பற்றி அவனிடம் சொன்னேன். அந்தச் சத்தத்தைச் சொன்னேன், நாய் காப்பகத்துக்குப் பேசியதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்களது கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வர மாட்டேங்குது, அத்தான். அதட்டி அதட்டி இழுத்துட்டு இருக்கேன்" என்றான்.

"இழுக்காத மாப்ளே. அது அங்கயே இருக்கட்டும். ரூம் கதவச் சாத்திட்டுக் குட்டிய வெளிய கூட்டிட்டுப் போயிரு" என்றேன்.

பொமரேனியன் ஐந்து கிலோ இருக்கும், ராஜபாளையம் வளர்ந்தால் அதைப்போல் நாலைந்து மடங்கு. அந்த எடை வித்தியாசத்தில் விளையாட்டாகக் கவ்வினால்கூடச் சின்னதன் கழுத்து தாங்காது. வெள்ளை நிறத்து ராஜபாளையம் நாய்களில் காது கேட்காமல் பிறப்பவையும் உண்டு. அப்படியானால் அந்தப் பெரியவர் உறுமினாலும் குட்டிக்குக் கேட்கப்போவதில்லை. முதலில் அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன், பின்னால் நின்று கைதட்டி. அடுத்த சனிக்கிழமை எங்கள் தச்சரையும் கூட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போனேன். அங்கே கதவுக்கு ஐந்தடி வேண்டியிருந்தது.